பதினெட்டுக் கிலோவும் பாலூட்டும் அரைமணியும்

இலங்கையின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் 1939இல் வந்தது. பிற்காலத் திருத்தங்களோடு சேர்த்து இன்று படித்தால், ஒரு வயது நிரம்பாத பிள்ளையுள்ள தொழிலாளிப் பெண்ணுக்கு நாளொன்றுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளைகள் உண்டு. பிள்ளைக் காப்பகம், தோட்டச் சொல்லில் பிள்ளைக் காம்பரா, இருந்தால் அரைமணி வீதம், இல்லாவிட்டால் ஒரு மணி வீதம். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. இதை ஊவாவில் எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையிலுள்ள தேயிலை மலையொன்றில் வைத்துப் பார்ப்போம். முழுப்பேர், அதாவது முழு நாட்சம்பளம், விழ 18 கிலோ கொழுந்து வேண்டும். தோட்டத்துக்குத் தோட்டம் இது கூடும், குறையும். எட்டு மணி நேர வேலை என்று வைத்தால் மணிக்கு இரண்டேகால் கிலோ. பிள்ளைக் காம்பரா லயத்துக்குப் பக்கத்தில் இருக்கும். அன்றைக்குக் கொழுந்தெடுக்கும் மலை மேலே எங்கோ இருக்கும். ஏறி இறங்கும் நடையையும் சேர்த்து இரண்டு இடைவேளைக்கும் இரண்டு மணி நேரம் போனால் நாலரைக் கிலோ குறையும். தராசில் நிற்பது பதின்மூன்றரை. அதற்கு அரைப்பேர் போடுவார்கள், அல்லது கிலோக் கணக்கில் காசு தருவார்கள். சட்டம் நேரமாகக் கொடுத்ததைத் தோட்டம் நிறையாக எடுத்துக்கொள்கிறது. இதில் அவளுடைய உரிமையை மறுத்தவர் என்று யாரையும் காட்ட முடியாது. துரை தடுக்கவில்லை, கணக்கப்பிள்ளை ஏசவில்லை, தொழில் அலுவலகத்துக்கு எழுதிப்போடவும் வழியில்லை.

மலையகப் பெண்ணின் பொருளாதாரச் சுதந்திரம், அவளுடைய இனப்பெருக்க நலம் இரண்டையும் வெவ்வேறு துறைகளாகப் பிரித்து வைத்திருக்கிறோம். முதலாவது தொழிற்சங்கத்தின் பாடு. சம்பளப் பேச்சு மேசையில் தீர்மானமாகும். இரண்டாவது சுகாதார அமைச்சின் பாடு, அல்லது பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நம்பிக்கை நிதியத்தின் பாடு, அல்லது தொண்டு நிறுவனத்தின் பாடு. கிளினிக்கிலும் கருத்தரங்கிலும் நடக்கும். தோட்டத்தில் இந்தப் பிரிவினை செல்லாது. அங்கே எத்தனை கிலோ என்ற கேள்விதான் எப்போது கர்ப்பம் தரிப்பது, எத்தனை நாள் பால் கொடுப்பது, கிளினிக்குக்குப் போவதா வேண்டாமா, கருத்தடைக்கு எந்த முறை என்பவற்றையெல்லாம் முடிவு செய்கிறது. ஆகவே தோட்டப் பெண்கள் அமைப்பாவது என்றால் அந்தக் கிலோக் கணக்கின் மீது கைவைக்கும் அமைப்பாக அது இருக்க வேண்டும் என்பதே என் வாதம். மற்றவை வேண்டாம் என்று சொல்லவில்லை. மற்றவை இதில்லாமல் நிலைக்கவில்லை என்பதை ஊவாவின் அனுபவம் காட்டுகிறது.

தொடக்கத்திலிருந்தே பெண்ணின் உழைப்புக்கு ஒரு தனி விலை இருந்தது. 1927ஆம் ஆண்டின் இந்தியத் தொழிலாளர் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் கீழ் மலைநாட்டின் உயர்பகுதித் தோட்டங்களுக்கு நிர்ணயித்த நாட்கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். 1941இன் சம்பள நிர்ணய சபைகள் கட்டளைச் சட்டமும் அந்த வேறுபாட்டைக் கைவிடவில்லை. 1940இல் பதுளைக்கருகே வேவெஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர் தங்கள் சபையொன்றைத் தேர்ந்தெடுத்து, அதைக் கலந்தே நிர்வாகம் நடத்த வேண்டும் என்ற நிலைக்குத் துரையைக் கொண்டுவந்தார்கள். இலங்கைத் தொழிலாளர் வரலாற்றில் அதற்கு நிகரான சம்பவங்கள் சிலவே. ஆனால் வேவெஸ்ஸவுக்குப் பிறகும் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பெண்ணின் பேருக்குக் குறைந்த காசுதான். 1984 ஏப்ரலில் தொழிற்சங்கங்கள் சேர்ந்து நடத்திய வேலைநிறுத்தத்தின் பின்னரே ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் என்றாயிற்று. இடையில் 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் இந்த மக்களின் குடியுரிமையைப் பறித்திருந்தது. 1931இல் சர்வசன வாக்குரிமையோடு வாக்குச் சாவடிக்குப் போன தோட்டப் பெண்ணின் மகள் வாக்கில்லாதவளானாள். வாக்கில்லாதவளின் பிரசவத்தைப் பற்றி எந்த அரசியல்வாதிக்கும் அவசரம் இருக்கவில்லை.

இங்கே முதல் மறுப்பு வரும். 1984இலேயே சம்பளம் சமமாகிவிட்டது. தோட்டத் தொழிலாளரில் பாதிக்கு மேல் பெண்கள். நாடு முழுவதும் பெண்களில் மூவரில் ஒருவர் அளவிலேயே ஊழியப் படையில் இருக்கும்போது தோட்டத்துறைப் பெண்களின் பங்கு நகரத்தையும் கிராமத்தையும் மிஞ்சி நிற்கிறது. பொருளாதாரச் சுதந்திரத்துக்கு இதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும்? கேள்வி நியாயமானது. விடை நாளின் நீளத்தில் இருக்கிறது. முள்ளுக்குத்து, கவ்வாத்து, மருந்தடிப்பு போன்ற ஆண்களின் வேலைகள் பெரும்பாலும் அளவு வேலைகள். கொடுத்த அளவை முடித்தால் பகல் ஒன்று, இரண்டு மணிக்குள் வீடு திரும்பலாம். கொழுந்துக்காரிக்கு நாள் மாலைத் தராசில்தான் முடியும். அதற்கு முன்னும் பின்னும் பீலிக்கரையிலிருந்து தண்ணீர், விறகு, சமையல், பிள்ளை. ஒரே பேர், ஒரே காசு, ஆனால் இரண்டு வேறு நீளமுள்ள நாட்கள். அந்தக் காசும் அவள் கையில் நின்றதா என்பது அடுத்த கேள்வி. ரேச்சல் குரியன் 1982இல் சர்வதேசத் தொழில் அமைப்புக்காக எழுதிய ஆய்வு, மனைவியின் சம்பளத்தைக் கணவனோ தகப்பனோ போய் வாங்குவதைத் தோட்டத்தின் சாதாரண வழக்கமாகப் பதிவு செய்கிறது. பின்னர் அவரும் குமாரி ஜயவர்த்தனவும் சேர்ந்து எழுதி 2015இல் வெளியான நூல், துரைமாரின் ஆட்சியும் குடும்பத்து ஆண்களின் ஆட்சியும் ஒன்றையொன்று தாங்கிநின்ற விதத்தை விரிவாகக் காட்டியது. உழைப்பில் பங்கேற்பதும் உழைப்பின் பலனை ஆளுவதும் வேறுவேறு என்பதற்கு மலையகத்தை மிஞ்சிய சாட்சி இந்த நாட்டில் இல்லை.

ஊவாவுக்கென்று இன்னொரு நெருக்கடியும் உண்டு. ஜூலை முதல் செப்டம்பர் வரை கச்சான் காற்று மலையைக் காயப்போடும். அந்தக் காற்றில் வாடும் கொழுந்துக்குத்தான் உலகச் சந்தையில் ‘ஊவா மணம்’ என்று பெயரும் விலையும். செடிக்கு அது வறட்சிக்காலம், துளிர் குறையும். ஏலத்தில் தேயிலைக்கு நல்ல விலை விழும் மாதங்களிலேயே பதினெட்டை எட்டாமல் அரைப்பேரோடு இறங்கும் பெண்களும் கூடுகிறார்கள். அந்த மாதங்களில் கர்ப்பிணி ஒருத்தி கிளினிக் நாளுக்காக வேலையை விடுவது சின்ன முடிவல்ல. 2016ஆம் ஆண்டின் குடிசன, சுகாதார அளவீட்டின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாட்டில் 17.3 வீதம், தோட்டத்துறையில் 31.7 வீதம். தாயின் சாப்பாடு, தாயின் ஓய்வு, பால் கொடுத்த மாதங்கள் ஆகியவற்றின் நீண்டகாலக் கணக்கு அந்த எண்ணில் இருக்கிறது. சத்துமாப் பொதி கொடுப்பதால் மட்டும் அது இறங்கிவிடாது.

இந்த விஷயத்தின் மிக இருண்ட பக்கம் கருத்தடை அறுவை. அரசு 1980இல் அறுவை செய்துகொள்வோருக்கு 100 ரூபாய் கொடுக்கத் தொடங்கிப் பின் அதை 500 ஆக உயர்த்தியது. தோட்டப் பெண்ணின் நாட்சம்பளம் இருபது ரூபாயைத் தொடாத காலம் அது. அதாவது 25 முழுப்பேருக்கு மேலான காசு ஒரே தடவையில் கிடைக்கும். பட்டினியும் கடையில் கடனும் உள்ள லயத்தில் அந்தத் தொகைக்கு என்ன பொருள் என்பதை விளக்கத் தேவையில்லை. அடுத்தடுத்த அளவீடுகளில் தோட்டத்துறையில் பெண் கருத்தடை அறுவை விகிதம் நாட்டின் மற்றப் பகுதிகளைவிட வெகுவாக உயர்ந்திருந்தது. மாற்றிக்கொள்ளக்கூடிய முறைகளின் பங்கு அதற்கேற்பக் குறைந்திருந்தது. மானிடவியலாளர் சசிகுமார் பாலசுந்தரம் 2011இல் எழுதிய கட்டுரை இதைக் கருப்பைத் திருட்டு என்றே தலைப்பிட்டு அழைத்தது. சட்டமும் தன் பங்குக்கு ஒரு கை கொடுத்தது. மூன்றாவது பிள்ளைக்கும் அதற்கு மேலுள்ளவற்றுக்கும் மகப்பேற்று விடுப்பு 84 நாளல்ல, 42 நாள்தான் என்ற விதி 2018இன் திருத்தம் வரை நீடித்தது. மூன்றாவது பிள்ளையைப் பெற்றவளின் உடம்பு பாதி நாளில் தேறிவிடும் என்று எந்த வைத்தியரும் சொல்லவில்லை. இரண்டோடு நிறுத்து என்பதைச் சம்பளக் கழிவாகச் சொன்ன விதி அது. கத்தி எடுக்காமல் செய்த குடும்பக் கட்டுப்பாடு என்று அதைச் சொல்லலாம்.

இதற்கு எதிரான வாதத்தைக் கேலியாகத் தள்ளிவிட முடியாது. ஐந்தாவது, ஆறாவது பிரசவத்தில் செத்துப்போன பெண்களின் நினைவு இல்லாத லயம் மலையகத்தில் அரிது. அறுவையைத் தாமாகக் கேட்டுப் போன பெண்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். பிரசவ மரணம் குறைந்ததில் பிள்ளைப்பேறு குறைந்ததற்கும் பங்குண்டு. குடும்பம் சிறுத்ததால் அடுத்த தலைமுறைப் பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். அப்படியென்றால் அதை வன்முறை என்பது அந்தப் பெண்களின் சொந்தப் புத்தியை அவமதிப்பதல்லவா? ஒரு பகுதி உண்மை என்றே ஏற்க வேண்டும். ஆனால் தெரிவு என்பதற்குக் குறைந்தது இரண்டு பொருள் முன்னால் இருக்க வேண்டும். ஒரே முறை, அதற்கு ஒரு மாதச் சம்பளம், படிவம் அவள் வாசிக்கத் தெரியாத மொழியில், எடுத்துச் சொல்பவர் அவளுக்கு வேலை கொடுக்கும் தோட்டத்தின் சம்பளத்தில் வாழும் வைத்திய உதவியாளர். இந்தச் சூழலில் பெண் சரியான முடிவையே எடுத்திருக்கலாம், சூழல் சரியானதாகிவிடாது. அதுவும் ஆணுக்கு அறுவை பெண்ணுடையதைவிட எளிது. எளிதானதை விட்டுவிட்டுப் பெண் உடம்பிலேயே இலக்கை நிறைவேற்றியது மருத்துவ நியாயத்தால் அல்ல.

இதே இடத்தில் நம்மவர் பக்கத்தின் ஒரு பேச்சையும் மறுத்தாக வேண்டும். கருத்தடையை மலையகத் தமிழரின் தொகையைக் குறைக்கும் சதி என்று மட்டுமே பேசும் மேடைப் பேச்சு உண்டு. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று தலை எண்ணிப் பிரித்த வரலாறு இருக்கும்போது அந்த அச்சம் காரணமில்லாததல்ல. ஆயினும் அந்தப் பேச்சின் முடிவில் பெண்ணின் கருப்பை தோட்டத்தின் கையிலிருந்து சமூகத்தின் கைக்கு மாறுகிறதே தவிர அவள் கைக்கு வருவதில்லை. பிள்ளை வேண்டாம் என்பவளுக்கு மாற்று முறை எது, வன்முறையால் உண்டான கர்ப்பத்தைச் சுமப்பவளுக்கு வழி என்ன என்ற கேள்விகள் அங்கே எழுவதேயில்லை. 1883இன் தண்டனைச் சட்டக்கோவை தாயின் உயிரைக் காப்பதற்கன்றி வேறெதற்கும் கருக்கலைப்பை இன்றுவரை அனுமதிப்பதில்லை. காசுள்ளவர்கள் கொழும்பில் வழி தேடிக்கொள்வார்கள். லயத்துப் பெண்ணுக்கு நாட்டு மருந்தும் பயமும். எத்தனை பிள்ளை என்று முடிவு செய்யும் உரிமை, பெறுவதற்கும் பெறாதிருப்பதற்கும் சேர்ந்த உரிமை. ஒரு பாதியை மட்டும் கேட்பவர் அதைப் பெண்ணுக்காகக் கேட்கவில்லை.

தொழிற்சங்கங்கள் இதில் என்ன செய்தன? சந்தாப் பணத்தில் பெரும்பங்கு பெண்களுடையது. தோட்டக் கமிட்டிகளில் மாதர் தலைவி என்ற பதவியும் உண்டு. ஆனால் அட்டனிலும் கொழும்பிலும் கூட்டொப்பந்தத்துக்கு உட்கார்ந்தவர்கள் ஏறக்குறைய எப்போதும் ஆண்கள். அவர்கள் பேசியது நாட்சம்பளத்தை, கிலோவையல்ல. அதன் விளைவு 2021இல் வெளிப்பட்டது. ஆயிரம் ரூபாய்க்காக ஆண்டுக்கணக்கில் நடந்த போராட்டம், சம்பள நிர்ணய சபை மூலம் அந்த ஆண்டு வெற்றி பெற்றது. கம்பனிகள் கூட்டொப்பந்தத்திலிருந்து விலகிக்கொண்டன. பல தோட்டங்களில் கிலோ அளவு ஏறியது, கொடுக்கும் வேலைநாள் குறைந்தது. சபை ரூபாயை நிர்ணயிக்கிறது. கிலோவை நிர்வாகம் நிர்ணயிக்கிறது. 2024 செப்டம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாயான பின்னும் இந்த ஓட்டை அடைபடவில்லை. ஆண்கள் பேசிய மேசையில் கிலோ விடுபட்டது தற்செயலல்ல என்றே நினைக்கிறேன். கொழுந்துத் தராசின் முன் நிற்பவர்கள் அங்கே இல்லை.

விதிவிலக்குகள் உண்டு, அவற்றிலிருந்து கற்கவும் உண்டு. 1930களிலேயே தொழிற்சங்கத் தலைவர் நடேசய்யரின் துணைவி மீனாட்சி அம்மாள் தோட்டம் தோட்டமாகப் பாட்டெழுதிப் பாடிப் பெண்களைக் கூட்டங்களுக்குக் கொண்டுவந்தார். நம் காலத்தில் மேனகா கந்தசாமி, ஆண்களே வழிநடத்திய பெருந்தோட்டத் தொழிற்சங்க அரங்கில் தலைமைக்கு வந்ததோடு, கொழும்பு வீடுகளில் வேலை செய்யும் மலையகப் பெண்களையும் நினைவில் வைத்து வீட்டுப் பணியாளர்களுக்கான சங்கம் உருவாவதில் முன்னின்றார். தோட்டத்தை விட்டு வெளியேறுவதே இளம் பெண்களின் பொருளாதாரச் சுதந்திரமாக மாறிவிட்ட காலத்தில் அது சரியான கணிப்பு. ஊவாவின் மறுபுறம், மொனராகலைப் பக்கத்து ஊவா வெல்லஸ்ஸ பெண்கள் அமைப்பு, 1980களில் சீனிக் கம்பனிகளுக்குக் காணி போவதை எதிர்த்த விவசாயிகள் போராட்டத்தின் வழியில் வளர்ந்தது. சிங்களக் கமக்காரப் பெண்கள் அவர்கள். காக்க வேண்டிய காணி அவர்களிடம் இருந்ததால் அமைப்பாக ஒரு பிடிமானமும் இருந்தது. ஐம்பது, அறுபது கிலோமீற்றருக்கு மேற்கே மலையில் ஏறினால் அந்தப் பிடிமானம் இல்லை. வீடு கம்பனியுடையது, காணி அரசுடையது, வேலை போனால் லயமும் கேள்விக்குறி. 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தவில் மண்சரிந்து லயங்கள் புதைந்தபோதும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தைப் புரட்டியபோதும், ஆபத்தென்று தெரிந்த சரிவில் அந்த மக்கள் ஏன் இருந்தார்கள் என்று கேட்டவர்களுக்கு விடை இதுதான்: போக வேறிடம் அவர்கள் பெயரில் இருக்கவில்லை.

காணி வரும்வரை கடனாவது கொடுக்கலாமே என்று நுண்நிதிக்காரர்கள் வந்தார்கள். தோட்டப் பெண்களுக்குச் சேமிக்கத் தெரியாது என்பது அவர்கள் விளம்பரத்தின் உட்கருத்து. லயங்களில் தலைமுறைகளாகச் சீட்டு நடக்கிறது. எழுத்துக்கூட்டத் தெரியாத பெண்களும் யாருக்கு எப்போது விழும் என்று பிசகாமல் கணக்கு வைத்திருக்கிறார்கள். சீட்டுக்கு வட்டி இல்லை, பிரசவ மாதத்தில் முறையை மாற்றிக்கொள்ளவும் முடியும். கிழமைக் கடன் அப்படியல்ல. மாதச் சம்பளக்காரியிடம் கிழமைத் தவணை கேட்கும் கடன், ஒரு கடனை அடைக்க இன்னொன்று என்று இழுத்துச் செல்லும். பிள்ளை பெற்ற கிழமையிலும் தவணைக்காரர் லயத்து வாசலில் நிற்பார். சுயதொழிலை நான் எதிர்க்கவில்லை. எல்லவில் சுற்றுலா வளர்ந்த பின் விருந்தினர் விடுதிகளில் கிடைக்கும் வேலையும் மரக்கறித் தோட்டமும் சில குடும்பங்களைத் தூக்கி நிறுத்தியிருக்கின்றன. ஆனால் காணியும் பிரசவகாலப் பாதுகாப்பும் இல்லாதவளுக்குக் கடன் மட்டும் கொடுப்பது, அவளுக்கு இன்னொரு கணக்கப்பிள்ளையை நியமிப்பதே.

இன்று கம்பனிகள் முன்வைக்கும் திட்டம் இந்த வாதத்தை அவசரமாக்குகிறது. தேயிலை மலையைத் துண்டுகளாக்கிக் குடும்பங்களிடம் பராமரிக்கக் கொடுத்து, கொழுந்தைக் கிலோ விலைக்கு வாங்கும் வெளியார் உற்பத்தி முறை அது. பிரட்டு இல்லை, கங்காணி இல்லை, விருப்பமான நேரத்தில் வேலை, கூடுதல் வருமானம் என்கிறார்கள். பொருளாதாரச் சுதந்திரம் என்ற சொல்லுக்கு இது பக்கத்தில் வருவதுபோலத் தோன்றும். பல பெண்கள் இதை விரும்பவும் செய்கிறார்கள், அதில் வியப்பில்லை. ஆனால் அந்த ஒப்பந்தத்தில் அவள் தொழிலாளி அல்ல, விற்பவள். தொழிலாளி அல்லாதவளுக்கு 84 நாள் இல்லை, பாலூட்டும் அரைமணி இல்லை, ஊழியர் சேமலாப நிதி இல்லை. ஒப்பந்தம் குடும்பத் தலைவரான ஆணின் பெயரில் இருந்தால், குரியன் எழுதிய 1982க்கே மனைவி திரும்பிவிடுகிறாள்: கொழுந்து அவள் எடுப்பாள், காசு அவன் வாங்குவான். தராசு மலையில் நின்ற காலத்தில் அதோடு சண்டை போடவாவது ஒரு சங்கம் இருந்தது. தராசு வீட்டுக்குள் வந்துவிட்டால் யாரோடு பேசுவது? ஆகவே இந்த முறையை ஏற்பதானால் நிபந்தனைகளோடு ஏற்க வேண்டும். ஒப்பந்தம் பெண்ணின் பெயரிலோ இருவர் பெயரிலோ இருக்க வேண்டும். மகப்பேற்றுக் காலத்துக்கான கொடுப்பனவைக் கம்பனியும் அரசும் பகிர வேண்டும். துண்டுக் காணி உறுதியாக மாறும் தேதி எழுத்தில் இருக்க வேண்டும்.

இவையெல்லாம் நடக்காத காரியங்கள் என்று சொல்ல இப்போது முன்னிருந்ததைவிடக் காரணம் குறைவு. உள்ளூராட்சியில் பெண்களுக்கு 25 வீத இடமளிக்கும் சட்டம் 2016இல் வந்து 2018 தேர்தலில் நடைமுறையானது. தோட்டத்துக்குள் பிரதேச சபை பணம் செலவிடத் தடையாயிருந்த சட்டமும் 2018இல் திருத்தப்பட்டது. 2024 நவம்பர் பொதுத்தேர்தலில் பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேல், நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வி என்று மலையகத் தமிழ்ப் பெண்கள் முதன்முறையாக வாக்கால் நாடாளுமன்றம் போனார்கள். பெண் உறுப்பினர் இருப்பதாலேயே பெண்களின் காரியம் நடந்துவிடும் என்று நம்ப நான் தயாரில்லை. கட்சிக் கட்டுப்பாடு எந்த ஆணையும் போலவே பெண்ணையும் கட்டும். ஆனால் கேள்வியை யாரிடம் கொண்டுபோவது என்பதற்கு இப்போது ஒரு முகவரி இருக்கிறது.

கேள்வி சிக்கலானதல்ல. அடுத்த முறை சம்பள நிர்ணய சபை கூடும்போது எத்தனை ரூபாய் என்பதோடு எத்தனை கிலோவுக்கு என்பதும் வர்த்தமானியில் வரட்டும். கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் அந்தக் கிலோவில் எவ்வளவு கழிவு என்பது துரையின் தயவாக இல்லாமல் விதியாக எழுதப்படட்டும். கிளினிக் நாள் முழுப்பேராகட்டும். சந்தா கட்டும் பெண்கள் தங்கள் சங்கத்திடம் இதை எழுத்தில் கேட்க வேண்டும். பதில் வராத சங்கத்துக்குச் சந்தாவை நிறுத்தவும் அவர்களுக்கு உரிமை உண்டு.